புறாமலை: நடக்கக் கூடாத பூங்கா

திருகோணமலை நகரத்திலிருந்து புல்மோட்டை வீதியில் ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர் போனால் நிலாவெளி. கடற்கரையில் நின்றால் எதிரே, சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பாறைக் குன்று ஒன்று கடலுக்குள் எழுந்து நிற்பது தெரியும். புறாமலை என்பது ஊர்வழக்கு. அரச ஏடுகளில் அது புறாத்தீவு தேசிய பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு படகில் ஏறினால் சிறிது நேரத்தில் தீவின் கரையில் இறங்கிவிடலாம். குடும்பமாக வருகிறவர்கள் இறங்கியதும் செய்வது ஒன்றுதான். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்கத் தொடங்குகிறார்கள். கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அப்படித்தானே செய்வோம்.

பூங்கா என்றால் நடப்பதற்கு உரிய இடம் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. புறாமலையில் அந்தப் பழக்கம்தான் சேதத்தைச் செய்கிறது. ஏன் என்பதைப் பூங்காவின் அளவே சொல்லும். மொத்தப் பரப்பு 471.429 ஹெக்டேயர். பெரிய தீவின் நீளம் ஏறக்குறைய 200 மீற்றர், அகலம் 100 மீற்றர். இரண்டு ஹெக்டேயர் அளவுதான். அருகில் இருக்கும் சின்னத் தீவையும் அதைச் சுற்றிய பாறைத் திட்டுகளையும் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். பயணி பூங்கா என்று நினைத்துக் கால் வைக்கும் மணற்கரை, உண்மையில் பூங்காவின் வாசற்படி. பூங்கா தொடங்குவது அவர் தண்ணீரில் வைக்கும் முதல் அடியில்.

பெயருக்குக் காரணம் மாடப்புறா. நகரங்களில் கோபுரத்திலும் கட்டட விளிம்பிலும் நாம் பார்க்கும் புறாக்கள் எல்லாம் மனிதர் வளர்த்து, பிறகு கைவிடப்பட்ட வழி வந்தவை. அவற்றின் மூதாதையான காட்டு மாடப்புறா பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பறவை. இலங்கையில் அது இனப்பெருக்கம் செய்யும் மிகச் சில இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 44.8 மீற்றர் உயரும் உச்சியும் வெடிப்புகள் நிறைந்த பாறைகளும் அதற்கு ஏற்ற வீடு. பிரித்தானியர் காலத்தில் இதே தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது. அதையும் தாங்கிக்கொண்டு புறாக்கள் மிஞ்சியது ஆச்சரியம்தான். இன்று அவற்றுக்கு இருக்கும் ஆபத்து சத்தமில்லாதது. மனிதர் விட்டுப்போகும் சோற்றுக்கும் பாண் துண்டுக்கும் காகங்களும் எலிகளும் வரும். வந்தவை முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. கரையிலிருந்து வீட்டுப் புறாக்கள் வந்து கலந்தால், சில தலைமுறைகளில் காட்டுப் புறா என்று தனியாகச் சொல்ல எதுவும் இருக்காது. சோற்றுப் பொதியைத் தீவுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது குப்பைப் பிரச்சினை மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1963இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2003இல், நாட்டின் 17ஆவது தேசிய பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. இரண்டு சொல்லுக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, சரணாலயம் ஒன்றுக்குள் மனிதர் வாழலாம், வழமையான தொழில்களைச் செய்யலாம். அங்குள்ள உயிர்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதே விதி. தேசிய பூங்காவோ அனுமதிச்சீட்டோடு போய் இயற்கையைப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் மட்டுமான இடம். அங்கே மீன் பிடிக்க முடியாது, கல் எடுக்க முடியாது, கரையில் கிடக்கும் இறந்த முருகைத் துண்டைக்கூட நினைவுக்காகப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. நிலாவெளிக் கடற்றொழிலாளருக்கு 2003இன் அறிவிப்பு, தங்கள் கடலின் ஒரு பகுதி சட்டப்படி கைவிட்டுப் போனது என்றே பொருள்பட்டது. அந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தண்ணீருக்குள் இருப்பதைப் பார்ப்போம். திருகோணமலைக் கடலில் பதிவான ஏறக்குறைய 100 வகை முருகைகளிலும் 300 வகைப் பார் மீன்களிலும் பலவற்றை இங்கே காணலாம். தீவைச் சுற்றி ஆழமற்ற நீரில், கிளை கிளையாகப் பிரியும் மான்கொம்பு முருகைகள் அடர்ந்திருக்கின்றன. இடையிடையே மூளை வடிவிலும் உருண்டையாகவும் வளரும் திண்ணிய இனங்கள், தோல் போன்ற மென்முருகைகள். முருகைக்கல் என்று பெயர் இருப்பதால் கல் என்றே எண்ணிவிடுகிறோம். அது உயிர். சில மில்லிமீற்றர் அளவேயான ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் ஒன்றாகச் சேர்ந்து, தமக்குக் கீழே சுண்ணாம்பை உறையவிட்டு எழுப்பும் குடியிருப்பு அது. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் உணவு சமைத்து விலங்குக்குப் பெரும்பங்கைக் கொடுப்பது அந்தப் பாசிகளே. ஆகவே வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் ஆழம் குறைந்த தெளிந்த நீர் வேண்டும்.

புறாமலையின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. முருகைக்கு ஏற்ற ஆழமும், நீச்சல் தெரியாத ஒருவர் பயமின்றி நிற்கக்கூடிய ஆழமும் ஒன்றாக இருக்கின்றன. இலங்கையைச் சுற்றிக் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. நீர் உயர்ந்து பாரைக் காலுக்கு எட்டாமல் மூடிவிடும் நேரம் என்று ஒன்று இங்கே பெரும்பாலும் இல்லை. மான்கொம்பு முருகையின் கிளை நல்ல சூழலில் ஆண்டுக்குச் சுமார் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். திண்ணிய உருண்டை இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரை ஒட்டித்தான் வளரும். களைத்துப்போன ஒருவர் ஒரு கணம் நின்று முகக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளக் கால் ஊன்றினால், ஒடிவது நாலைந்து ஆண்டு வளர்ச்சி. மேசை அளவுள்ள திண்ணிய முருகை என்றால் அது நம் பாட்டனாரைக் கண்டிருக்கும். ஒடிந்தது தவறுதலாக ஒருமுறை என்றால் மீண்டுவிடும். ஒரே இறங்குதுறையில், ஒரே பாதையில், விடுமுறை நாள் முழுவதும் என்றால் அந்தப் பாதை வெள்ளைச் சல்லியாகிவிடும். தீவின் கரையில் காலைக் குத்தும் வெள்ளைத் துண்டுகள் எல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த முருகைகள். அவற்றில் பெரும்பகுதியை ஒடித்து ஒதுக்கியது அலையும் புயலும்தான், மனிதர் அல்ல. ஆனால் அலை செய்வதற்கு மேலாக நாம் எவ்வளவு சேர்க்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

கொழும்புப் பக்கம் இருக்கும் ஈரநிலப் பூங்காக்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையை ஒட்டிய பெத்தகானையிலும் தலவத்துகொடையின் தியசருவிலும் குளமும் சதுப்பும் பறவையும் நடைபயிற்சியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 2018இல் ராம்சார் சமவாயம் கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்ததற்கு இப்படிப்பட்ட நீர்நிலைகளே காரணம். அங்கே மனிதனையும் விலங்கையும் பிரித்துவைப்பது மிகச் சாதாரணமான ஒரு பொருள். சதுப்புக்கு மேலே போட்ட பலகைப் பாதை. நீங்கள் அதில் நடப்பீர்கள், கீழே நீர்க்கோழி தன் பாட்டில் மேயும். பாதையை விட்டு இறங்க யாரும் விரும்புவதில்லை, சேறு. புறாமலையில் பலகைப் பாதை இல்லை, போடவும் முடியாது. வருகிறவர் வாழிடத்துக்குள்ளேயே இறங்குகிறார். வேலியாக இருக்கக்கூடியது அவருக்கும் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள ஒரு மீற்றர் தண்ணீரும், மிதக்கத் தெரிந்த உடம்பும் மட்டுமே.

இது கற்பனைப் பயம் அல்ல. ஹிக்கடுவையில் என்ன நடந்தது என்பதை நாடே பார்த்தது. 1979இல் கடற் சரணாலயம், பிறகு இயற்கை ஒதுக்கிடம், 2002இல் தேசிய பூங்கா என்று அதன் பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி அடிப்பாகப் படகுகளும் கூட்டமும் மிதியும் வண்டலும் சேர்ந்து முருகை கீழே இறங்கிக்கொண்டே போனது. மீதியை 1998இன் கடல் வெப்பம் முடித்துவைத்தது. அந்த ஆண்டு தென்கரையிலும் கற்பிட்டிப் பக்கமும் ஆழமற்ற நீரிலிருந்த முருகைகளில் பெரும்பாலானவை வெளிறி இறந்தன. திருகோணமலைப் பார்கள் பெருமளவு தப்பின. புறாமலை இன்று நாட்டின் எஞ்சிய நல்ல பார்களில் ஒன்றாக எண்ணப்படுவதற்கு அந்தத் தப்பித்தல் முக்கிய காரணம்.

வெளிறுதல் என்பது நோய் அல்ல. கோடையின் வழமையான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அதிகமாகச் சில வாரங்கள் நீடித்தால், முருகை தன் உடம்பிலிருக்கும் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் எலும்பு தெரிகிறது. வெப்பம் விரைவில் இறங்கினால் பாசி திரும்பும், முருகை பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் சாகும். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக நிறுவனமான நோவா உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தது. புறாமலையில் நின்றுகொண்டு கடலைக் குளிர்விக்க யாராலும் முடியாது. ஆனால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இலங்கையைச் சுற்றிய கடல் ஆண்டில் அதிகமாகச் சூடாவது ஏப்ரல், மே மாதங்களில். புத்தாண்டு விடுமுறையும் பாடசாலை விடுமுறையும் கிழக்குக் கரைக்குக் கூட்டத்தைக் கொண்டுவருவதும் அப்போதுதான். முருகை மிகவும் களைத்திருக்கும் வாரங்களில்தான் அதன் மேல் அதிகக் கால்கள் விழுகின்றன. ஒடிந்த இடத்தைக் குணப்படுத்துவதற்கான சத்து அதனிடம் குறைவாக இருக்கும் நேரம் அது.

இயற்கையான எதிரிகளும் இந்தப் பாருக்குப் புதியவை அல்ல. 1970களின் தொடக்கத்தில் திருகோணமலைக் கடலில் முட்கிரீட நட்சத்திரமீன் பெருகி முருகைகளைத் தின்றது பதிவாகியிருக்கிறது. 2004 டிசெம்பர் 26இல் கரையில் அத்தனை உயிர்களைக் கொண்டுபோன சுனாமி இந்தத் தீவையும் கடந்துதான் போனது. இத்தனைக்கும் பிறகு மீண்டு வரும் வலு அதற்கு உண்டு. அடிகளுக்கு இடையே ஓய்வு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயணிகளைக் கூடுதலாகக் கவர்வது முருகை அல்ல, சுறா. துடுப்பு நுனிகளில் மை தொட்டதுபோல் கறுத்திருக்கும் பார்ச்சுறாக்கள், வளர்ந்தவையும் குட்டிகளும், இடுப்பளவு நீருக்கே வந்துபோகும். வளர்ந்தால் ஒன்றரை மீற்றர் அளவு. மனிதரைக் கண்டால் விலகிப்போகும் சுபாவம். கடலாமைகளில் அழுங்காமை, பச்சையாமை, சிற்றாமை மூன்றும் இப்பக்கம் வருகின்றன. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அப்போது பத்துப் பேர் வட்டமாகச் சூழ்ந்து கைபேசியை நீட்டினால், மூச்சை முடிக்காமலே அது கீழே போகும். தொடுவதும் ஓட்டில் பிடித்து இழுபட முயல்வதும் சட்டப்படி குற்றம். சூழ்ந்து நிற்பது குற்றப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் விளைவு ஏறக்குறைய அதேதான்.

இதே சுறா இனத்தைப் பற்றித் தாய்லாந்திலிருந்து ஒரு செய்தி உண்டு. பீபீ லே தீவின் மாயா விரிகுடா, 2000இல் வந்த ‘தி பீச்’ திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்று, தினம் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் இடமாகி, முருகைகளை இழந்தது. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. ஆட்கள் இல்லாத நீருக்குக் கருநுனிச் சுறாக்கள் திரும்பின. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வர அனுமதி இல்லை. தீவின் மறுபக்கத்தில் இறங்கி நடந்து வர வேண்டும், உள்ளே நீந்த முடியாது, ஆண்டில் சில வாரம் முழுதாக மூடப்படும். ஹவாயின் ஹொனலூலு நகரத்தின் பூங்காவான ஹனௌமா விரிகுடாவில் இன்னொரு வழி. தண்ணீருக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் சிறு காணொளி ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வாயில் திறப்பதில்லை. அந்த நாட்களில் மீன்கள் மேய்கின்றன, கலங்கிய வண்டல் படிகிறது.

புறாமலையை மாயா விரிகுடா போல் மூடிவிடலாமே என்று சொல்வது கொழும்பிலிருந்து பேசுகிறவருக்குச் சுலபம். நிலாவெளி அப்படிப் பேசக்கூடிய ஊர் அல்ல. யுத்த ஆண்டுகளில் கடலுக்குப் போகத் தடைகளும் அனுமதிகளும் இருந்த கரை இது. இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்து வாடி போட்டபோது சுனாமி வந்தது. 2009க்குப் பிறகுதான் ஹோட்டல்களும் விடுதிகளும் பெருகின, பயணிகள் வந்தார்கள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகு வைத்திருப்பவருக்கு, வலை வீசுவதைவிடப் பயணிகளை ஏற்றி இறக்குவது நிச்சயமான வருமானம். கரைவலை இழுத்த குடும்பங்களில் இளையவர்கள் பலர் இப்போது வழிகாட்டிகள். தேசிய பூங்கா எடுத்துக்கொண்ட கடலுக்கு ஈடாக ஊருக்குக் கிடைத்தது இந்தத் தொழில்தான். மூடினால் அதுவும் இல்லை. மூடாமல் ஹிக்கடுவையைப் போல் ஆகவிட்டால், சில ஆண்டுகளில் பார்ப்பதற்கு எதுவுமின்றி அதே தொழில் தானாக நின்றுபோகும்.

ஆகவே படகோட்டியை விதி மீறுகிறவராகவே பார்க்கும் வழக்கத்தைத் திணைக்களம் விட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நீருக்குள் காவலர் ஒவ்வொருவரையும் கண்காணிக்க முடியாது. படகில் போகும் அந்தப் பத்து நிமிடத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், கால் ஊன்றாதீர்கள் என்று முகம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருக்கு முறையான பயிற்சியும் அதற்கான அங்கீகாரமும் கொடுத்தால், சொல்வது அவருடைய தொழிலின் பகுதியாகிவிடும். நங்கூரம் பாரின் மேல் விழாதபடி நிலையான மிதவைகளில் படகைக் கட்டுவது, நீச்சல் தெரியாதவர் நிற்க மணல் அடித்தளமுள்ள ஓரிடத்தைக் கயிறு கட்டி ஒதுக்குவது, ஒரே நேரத்தில் நீரில் இருப்போர் எண்ணிக்கைக்கு எல்லை வைப்பது, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு விடுவது எல்லாம் உலகில் எத்தனையோ கடற்பூங்காக்களில் நடைமுறையில் உள்ளவை. செலவும் பெரிதல்ல. ஓய்வு நாளில் படகோட்டிக்கு வருமானம் போகுமே என்றால், நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு உள்ளூருக்குத் திரும்ப வர வேண்டும் என்ற பழைய கேள்வி அங்கே எழுகிறது. எழட்டும்.

சட்டவிரோத வெடிவைத்து மீன் பிடித்தல் திருகோணமலைக் கடலில் நெடுநாள் நோய். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. ஒரு வெடி, ஒரு நாள் முழுவதும் வந்துபோகும் பயணிகள் செய்யாத சேதத்தை ஒரு விநாடியில் செய்யும். பயணிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. அதேபோல் தீவை மட்டும் பேசிவிட்டுக் கரையை மறந்துவிடுவதும்.

நிலாவெளியின் முதுகுப்புறம் பெரியகரைச்சி, சின்னக்கரைச்சி என்று இரண்டு களப்புகள் இருக்கின்றன. பெயரில் இருக்கும் கரைச்சி உவர் நிலத்தைக் காட்டும். கண்டல் மரங்களும் சேறும் இறாலும் நீர்ப்பறவையும் உள்ள இந்த நீர்நிலைகளைப் பார்க்க யாரும் சீட்டு வாங்குவதில்லை. கண்டல் வேர்களுக்கிடையே குஞ்சுப் பருவத்தைக் கழித்துவிட்டு வளர்ந்தபின் பாருக்குப் போகும் மீன் இனங்கள் பல உண்டு. மழையில் அடித்துவரும் மண்ணைப் பிடித்துவைப்பதும் கண்டல்தான். களப்பு ஓரத்தை நிரப்பிக் கட்டடம் எழுப்பினால், விடுதிக் கழிவுநீரை மணலுக்குள் விட்டால், ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தீவுக்கு அது போய்ச் சேராது என்று நினைக்கக் கூடாது. சத்துச் சேர்ந்த நீரில் பெரும்பாசி தழைக்கும், முருகையை மூடும். அதை மேய்ந்து துப்புரவாக்கும் கிளிமீனும் வலையில் போய்விட்டால் பிறகு யார் மேய்வது? திருகோணமலைக் கோட்டையடியிலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் குப்பையைக் கிளறுவதை நாம் தினமும் காண்கிறோம், அதனால் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். நீருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். காலையில் முதல் படகுகளில் போனால் நீர் கலங்கியிருக்காது, கூட்டமும் குறைவு. வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கு ஆகாது என்று பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் அத்தகைய களிம்புகளை விற்கத் தடை விதித்தன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் களிம்பே தேவையில்லை, முதுகும் கருகாது. நீந்தத் தெரியாவிட்டால் உயிர்காப்பு அங்கியோடு குப்புற மிதந்து, முகத்தை மட்டும் நீருக்குள் வைத்துப் பார்க்கலாம். ஆழமற்ற இடத்தில் காலால் உதைக்காமல் கைகளால் மெல்லத் துழாவினால் போதும். களைத்தால் நிற்காதீர்கள், மல்லாந்து மிதங்கள். சாப்பாட்டைக் கரைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபரில் வாடை தொடங்கியதும் கடல் எழும். படகுகள் கரையில் ஏற்றப்படும். மார்ச் வரை பெய்யும் மழையில்தான் இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு கிடைக்கிறது. அந்த மாதங்களில் களப்புகள் நிரம்பி முகத்துவாரத்தால் கடலுக்குப் பாயும், கரையோர நீர் மண்ணிறமாகும். தீவில் ஆட்கள் குறைவு. பாறை இடுக்குகளில் புறாக்கள் மட்டும் இருக்கும்.